வற்றிய ஏரியும் திரும்பிவரும் நாரையும்

தியானப் பகுதி: எரேமியா 8:4–7



கடந்த சனிக்கிழமை மாலையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை நம் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். படைப்பைக் குறித்த பாடத்தை ஆலயத்துக்குள் அமர்ந்து சொல்வதைக் காட்டிலும், படைக்கப்பட்டவற்றின் முன்னால் நின்று சொல்வது நலம் என்று தோன்றியது. ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் நின்றது. பாடம் நடத்தச் சென்ற என்னைப் பிள்ளைகள் கேள்விகளால் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது?" என்றான் ஒருவன். கொக்கின் கால்களில் இறகு இல்லை. உடலின் வெப்பம் அவற்றின் வழியே வெளியேறுகிறது. ஒரு காலை மடக்கி இறகுகளுக்குள் வைத்துக்கொண்டால் அந்த இழப்பு குறைகிறது. கொக்குக்கு அது ஓய்வும்கூட என்றேன்.

"வாத்து நனைவதே இல்லை, நீர்க்காகம் மட்டும் ஏன் சிறகை விரித்துக் காயவைக்கிறது?" என்றாள் இன்னொருத்தி. வாத்து தன் வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகினால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்கிறது. இறகுகளின் நெருக்கமான பின்னலும் நீரை உள்ளே விடுவதில்லை. நீர்க்காகத்தின் வெளி இறகுகளோ ஓரளவு நீரை ஏற்கின்றன. அதனால் உடல் எளிதில் மிதந்துவிடாமல், மீனைத் துரத்தி ஆழத்துக்கு மூழ்க முடிகிறது. குறை என்று நாம் எண்ணுவதே அதன் பிழைப்புக்கு உதவுகிறது.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருப்பதைக் கண்ட சிறுவன், "அதற்கு அடிபட்டுவிட்டதா?" என்று இரக்கத்தோடு கேட்டான். அடிபடவில்லை, குஞ்சாக இருக்கையில் அந்த இடைவெளி இராது, வளர்ந்தபின்புதான் உண்டாகும், அந்த அலகால்தான் அது நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கிறது என்று விளக்கினேன். உண்ணிக்கொக்கைப் பற்றியும் கேட்டார்கள். அது எப்போதாவது உண்ணியைக் கொத்தினாலும், மாடு மேயும்போது அதன் குளம்படியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளுக்காகத்தான் பெரும்பாலும் மாட்டின் பின்னே நடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் விடை சொல்லிவிட்டேன். கடைசியாக, எல்லாரிலும் சிறியவள் என் கையைப் பிடித்து இழுத்து, "ஏரி வற்றிப்போனால் இதெல்லாம் எங்கே போகும், ஐயா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் என் வாழ்வில் ஒரு கதை இருக்கிறது. இந்த வாரம் அதை உங்களுக்கு அறிக்கையிட விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நம் ஏரி வெடித்த தரையாய்க் கிடந்தது. கிணறுகள் அடியில் சேறு காட்டின. கறவை மாடுகளை விற்றவர்கள் உண்டு. வாலிபர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போனார்கள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் இருக்கைகள் காலியாயின. போதகனாகிய எனக்கு அது பெரும் மனவருத்தமாயிற்று. அந்த வருத்தத்தில் என் தன்மானமும் கலந்திருந்தது என்பதை அப்போது நான் உணரவில்லை.

அந்த லெந்து நாட்களில் ஒரு பிரசங்கம் செய்தேன். அதியமானின் தகடூர் மண்ணில் வாழும் நமக்கு ஔவை என்ற பெயர் நெருக்கமானது. மூதுரை பாடிய ஔவையார் அதியமான் காலத்து ஔவைக்கு மிகவும் பிற்பட்டவர். ஆயினும் நாம் எல்லாரும் பள்ளியில் கற்ற ஓர் உவமையை அவர் தந்திருக்கிறார். நீர் வற்றியதும் குளத்தைவிட்டுப் பறந்துவிடும் பறவைகள் துன்பத்தில் கைவிடும் உறவினருக்கு ஒப்பு. அக்குளத்திலேயே கூட இருந்து வாடும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் உண்மையான உறவுக்கு ஒப்பு. அந்த உவமையை எடுத்து, ஊரைவிட்டுச் சென்றவர்களை நான் அந்தப் பறவைகள் என்றேன். சபையையும் பெற்றோரையும் விட்டுப் பறந்தவர்கள் என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் சென்றபின், ஒரு வயதான தாய் வாசலில் காத்திருந்தார். அவருடைய மகன்கள் இருவரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள்.

"ஐயா, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள், அம்மா."

"வற்றின ஏரியில் கொக்கு எதைத் தின்னும், ஐயா?"

நான் பேசாமல் நின்றேன். அவர் மெதுவாகத் தொடர்ந்தார்: "என் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு ஓடவில்லை. அவர்கள் அனுப்புகிற பணத்தில்தான் நான் சாப்பிடுகிறேன். இன்றைக்குப் போட்ட காணிக்கையும் அதிலிருந்துதான்."

பிரியமானவர்களே, அன்று இரவு நான் உறங்கவில்லை. வேதாகமத்தை எடுத்து, பறவைகளைப் பற்றிய இடங்களைத் தேடினேன். எரேமியாவின் எட்டாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாரையையும் கொக்கையும் தகைவிலானையும் குறிப்பிடுகிறார். அவற்றைக் குற்றப்படுத்துவதற்காக அன்று. தங்கள் வேளையை அறிந்தவை என்று ஜனங்களுக்கு முன்மாதிரியாக நிறுத்துவதற்காக. அப்பகுதியில் கர்த்தருடைய துக்கம், விலகிப்போனவர்கள் திரும்பிவர மறுத்தார்களே என்பதுதான். பறவையோ திரும்பி வருகிறது. நான் எந்தப் பறவையைக் குற்றவாளியாக்கினேனோ, அதையே கர்த்தர் சாட்சியாக்கியிருந்தார்.

ஔவையார் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நான் கூறவில்லை. உதவ வழி இருந்தும் விட்டு விலகும் உறவைத்தான் அவர் கடிந்தார். பசிக்கு உழைக்கப் போனவர்கள்மேல் அந்தச் சொல்லை எறிந்த பிழை என்னுடையது.

அதன்பின் நீர்ப்பறவைகளைப் பற்றிச் சற்றுக் கருத்தோடு கற்கத் தொடங்கினேன். நம் ஏரியில் மூழ்கி மூழ்கி எழும் முக்குளிப்பானின் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால், அதற்குத் தரையில் நன்றாக நடக்க வராது. மிதக்கும் பாசியின்மேல் கூடு கட்டி, குஞ்சுகளை முதுகில் சுமந்து திரியும் அந்தப் பறவை, நீர் வற்றியபின் அங்கே எப்படி இருக்கும்? வேறு நீரைத் தேடித்தான் ஆகவேண்டும். நத்தைகுத்தி நாரையும் மழையையும் நத்தையையும் தேடி இடம் பெயர்கிறது. ராஜஸ்தானின் பரத்பூரில் காலில் வளையமிடப்பட்ட ஒன்று ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கிழக்கே கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. மங்கோலியா, திபெத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வந்து, பருவம் மாறியதும் திரும்புகிறது.

வேடந்தாங்கலின் வரலாறும் எனக்கு ஒன்றைக் கற்பித்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவ்வூர் உழவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுட்டவர்களுக்கு எதிராக அவர்கள் முறையிட்டதன்பேரில், 1798இல் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் அவற்றின் பாதுகாப்புக்கு ஆணை அளித்தார். அந்த மக்கள் எந்தப் பறவையையும் கட்டிவைக்கவில்லை. போகிற பறவையைச் சபிக்கவும் இல்லை. அவை திரும்பி வரும்போது ஏரியும் மரங்களும் அமைதியும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

மறு வாரம் அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அந்த மாத இறுதியில் பெங்களூருக்கும் போனேன். எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் அருகே, தகரக் கொட்டகையில் அவருடைய மகன்களைக் கண்டேன். நம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்த ஏழெட்டுப் பேரோடு ஞாயிறு இரவில் அங்கே ஜெபம் செய்துவருவதாகச் சொன்னார்கள். அதை அறியாமல்தான் நான் அவர்களைக் கைவிட்டவர்கள் என்றேன். மூத்தவன் எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு முதலாவது கேட்டது இதுதான்: "ஐயா, நம் ஏரிக்குத் தண்ணீர் வந்ததா?"

2021இல் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் மிகுதியாகப் பெய்தது. நம் ஏரியும் நிறைந்தது. முக்குளிப்பான்கள் வந்தன, நாரைகள் வந்தன. மூத்தவன் ஊருக்குத் திரும்பி, நிலத்தில் மறுபடியும் ராகி விதைத்தான். இளையவன் இன்றும் அங்கேதான் இருக்கிறான். கிறிஸ்மஸுக்குத் தவறாமல் வருகிறான்.

ஆகவே அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன பதில் இது: "தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகும், கண்ணே. இங்கே தண்ணீர் வந்தால் திரும்பி வரும். அதுவரைக்கும் ஏரியைக் கெடுக்காமல் வைத்திருப்பது நம்முடைய வேலை."

பிரியமானவர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்வோம். வரும் சனிக்கிழமை காலையில் ஏரியின் வரத்துக் கால்வாயில் அடைந்துகிடக்கும் குப்பையை அகற்றுவோம், மண்வெட்டியோடு வாருங்கள். மேலும், வெளியூரில் உழைக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரையாவது தொலைபேசியில் அழைப்போம். "ஏன் வரவில்லை?" என்று கேட்க வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் நம் சபை வற்றிய ஏரியாய் இராதபடி காத்துக்கொள்வோம்.

ஜெபம்: பறவைகளுக்கு வேளையை அறிவித்த ஆண்டவரே, தூரத்தில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அறியாமல் அவர்களைக் குற்றப்படுத்திய எங்கள் நாவை மன்னியும். அவர்கள் திரும்பி வரும்போது தங்கி இளைப்பாறும் நீர்நிலையாக எங்கள் வீட்டையும் சபையையும் ஆக்கும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.