உப்சாலாவில் ஒரு பருவம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் படிப்பதற்காக வரும் ஆகஸ்டு மாதம் சுவீடன் செல்கிறாள். அவளுடைய பெற்றோர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். "குளிரைத் தாங்குவாளா, சார்? அங்கே சோறு கிடைக்குமா?" 2007ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தை நானும் அந்நாட்டின் உப்சாலா நகரில் பரிமாற்ற மாணவனாகக் கழித்தவன். ஆகவே இரண்டுக்கும் உடனே விடை சொல்ல முடிந்தது. அவர்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் எளிய விடைகள். அங்கே வீடு, வகுப்பறை, நூலகம் எல்லாமே வெப்பமூட்டப்பட்டவை. நம் நாட்டுக் கருத்தரங்க மண்டபங்களின் குளிர்சாதனத்தில் நடுங்கிய அளவுக்கு நான் அங்கே கட்டடத்துக்குள் நடுங்கியதில்லை. வெளியே செல்லக் காற்றுப் புகாத மேலங்கியும் நல்ல காலணியும் போதும். அவற்றை அங்கேயே, பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாக வாங்கலாம். அரிசியும் தேங்காய்ப்பாலும் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன. குளிரைவிட வருத்துவது இருள்தான். உப்சாலா ஏறத்தாழ 60 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரமே. மூன்று மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறது. மிதிவண்டிக்கு முன்னும் பின்னும் விளக்கு வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இனி அந்த மூன்றாவது கேள்வி: அங்கே பிள்ளையை யார் கவனித்துக்கொள்வார்?

நகரின் மேற்கே ஃபிளோக்ஸ்தா என்னும் மாணவர் குடியிருப்பில் எனக்கு அறை கிடைத்தது. உயர்ந்த கட்டடங்கள்; தளத்துக்குத் தளம் நீண்ட நடைக்கூடம்; ஒரு நடைக்கூடத்தில் பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. நான் பெட்டியோடு நுழைந்தபோது சமையலறையில் இருவர் இருந்தனர். "ஹேய்" என்றனர். நானும் "ஹேய்" என்றேன். அவ்வளவுதான். எந்த ஊர், எந்த நாடு, என்ன படிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பிறந்த தோட்டப்புறத்தில் புதியவர் ஒருவர் லயத்துக்கு வந்தால், அவர் யார் வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டாரா இல்லையா என்பது ஒரு மணி நேரத்தில் பத்து வீடுகளுக்குத் தெரிந்துவிடும். இங்கே இரண்டு வாரம் கடந்தும் அடுத்த அறைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பதற்குத் தொலைபேசியில் அம்மா ஒருவர்தான் இருந்தார்.

அந்நாள்களில் தனியே நகரைச் சுற்றினேன். பல்கலைக்கழக நூலகமான கரோலினா ரெடிவிவாவில் 'வெள்ளி விவிலியம்' காட்சிக்கு இருந்தது. ஊதா நிறத் தோல் ஏடுகளில் வெள்ளி மையால் ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 187 ஏடுகள் அங்கே உள்ளன. மொழி கோதிக். அதைத் தாய்மொழியாகப் பேச இன்று உலகில் ஒருவரும் இல்லை. தமிழாசிரியராகப் போகிறவன் அதன்முன் சற்றுக் கூடுதல் நேரம் நின்றதில் வியப்பில்லை. ஆனால் அன்று என்னை வருத்தியது கோதிக் மொழியின் நிலையன்று. நான் யாரிடமாவது வாய்திறந்து பேசி மூன்று நாள் ஆகியிருந்தது. பயணச்சீட்டை முன்தேதிக்கு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று அந்த வாரம் விசாரித்தும் வைத்தேன்.

செப்டம்பர் நடுவில் ஒருநாள், சமையலறைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளில் என் பெயரைக் கண்டேன். ஓர் எழுத்துப் பிழையுடன் இருந்தது. எதிரே "38" என்று எழுதியிருந்தது. சுவீடனில் ஆண்டின் வாரங்களுக்கு எண் உண்டு. விடுமுறை, தேர்வு, பல் மருத்துவர் எல்லாமே வார எண்ணில்தான் பேசப்படும். முப்பத்தெட்டாம் வாரம் சமையலறையைத் துப்புரவு செய்வது என் முறை. என்னிடம் ஒரு சொல்லும் பேசாதவர்கள், நான் அங்கே வாழ்கிறவன் என்பதைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

தரையைத் துடைத்தேன், குப்பையைக் கண்ணாடி, காகிதம், உலோகம் எனப் பிரித்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அப்போது வந்த சுவீடிய மாணவி ஒருத்தி, அடுமனைப் பெட்டியின் உள்ளேயும் துடைக்க வேண்டும் என்று காட்டினாள். பிறகு காப்பி போட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்தாள். ஏன் இங்கே ஒருவரும் பேசுவதில்லை என்று கேட்டேன். அவள் உண்மையிலேயே திகைத்தாள். "உன் கதவு மூடியே இருந்ததே, உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று இருந்தோம்" என்றாள்.

இவ்வழக்கத்தை நான் போற்றவில்லை. அக்டோபரில் காய்ச்சலில் கிடந்தபோது, நானாகச் சொல்லும்வரை ஒருவரும் கதவைத் தட்டவில்லை. சொன்ன பிறகு மூவர் சூப்புடன் வந்தனர். நம் பிள்ளைகளுக்கு அந்தச் 'சொல்லுதல்' எளிதில் வருவதில்லை. கேளாமலே தட்டில் சோறு விழும் வீட்டில் வளர்கிறார்கள். தாம் குடித்த தேநீர்க் குவளையைத் தாமே கழுவிப் பழகாதவர்கள் பலர். பொதுச் சமையலறையும், துணி துவைக்கும் அறைக்கு முன்பதிவுப் பலகையும் உள்ள இடத்தில் இவர்கள் படும் பாடு குளிரினால் வருவதன்று. பதிவு செய்த நேரம் முடிந்தபின் உங்கள் துணி எந்திரத்திலேயே கிடந்தால், அடுத்தவர் எடுத்து வெளியே வைத்துவிடுவார். கூடவே ஒரு குறிப்புத் தாளும் இருக்கும்!

வகுப்பிலும் இதே கதைதான். பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். எனக்கு வாரத்தில் சில மணி நேரமே வகுப்பு. மற்ற நேரம் தாமே படிக்க வேண்டும். அட்டவணையில் பத்து மணி என்றிருந்தால் விரிவுரை 10.15க்குத்தான் தொடங்கும், ஆனால் ஒருவர் வீட்டு விருந்துக்கு ஏழு மணி என்றால் ஏழேதான். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முற்காலத்தில் அங்கும் பட்டத்தைச் சொல்லியே பேசினார்களாம். 1967இல் மருத்துவ ஆணையத்தின் தலைவராக வந்த புரூர் ரெக்செத், ஊழியர் அனைவரையும் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்தது இம்மாற்றத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. எனக்கோ நாக்கு எழவில்லை. அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, விளிச்சொல் இல்லாமலே பேச்சைத் தொடங்குவேன். அவர் எதையும் நினைவூட்டமாட்டார். ஐயம் என்று சென்று கேட்டால் ஒரு மணி நேரமும் ஒதுக்குவார்.

அதன்பிறகு நானாகவே வேலை தேடிப் போனேன். உப்சாலாவில் மாவட்டப் பெயர்கள் தாங்கிய பதின்மூன்று மாணவர் மன்றங்கள் உள்ளன, 'நேஷன்' என்பர். 2010 சூலைவரை எல்லா மாணவரும் ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும். இப்போது அது விருப்பம். கட்டாயம் இல்லாவிட்டாலும் சேரும்படி என் மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். என் மன்றத்தின் மதிய உணவுக்கூடத்தில் நான் உருளைக்கிழங்கு உரித்தேன். மொழியும் அங்கேதான் வந்தது, நண்பர்களும் அங்கேதான் கிடைத்தார்கள். ஃபிளோக்ஸ்தாவில் இரவு பத்து மணிக்கு மாணவர்கள் சன்னலைத் திறந்து ஓலமிடுவது நெடுநாள் வழக்கம். முதல் இரவு தீ விபத்து என்று அஞ்சினேன். நவம்பரில் நானும் சன்னலைத் திறந்தேன்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2011 முதல் கல்விக் கட்டணம் உண்டு. பரிமாற்ற மாணவர்களுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்க வதிவு அனுமதி தேவை. ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குவோருக்கு அந்நாட்டு அடையாள எண் தரப்படுவதில்லை. அதனால் வங்கிக் கணக்குத் திறப்பது கடினம். பல கடைகளில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஆறு மணி நேர வேறுபாடு ஏழாகும். டிசம்பரில் இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே பிற்பகல் மூன்று. அப்போதுதான் வெளியே இருட்டியிருக்கும். அழைப்பதானால் அந்த நேரத்தில் அழையுங்கள்.