செங்கல் பியானோ

பன்றி பியானோ வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்! வால்ட் டிஸ்னி 1933-ல் வெளியிட்ட 'மூன்று பன்றிக் குட்டிகள்' கார்ட்டூன் படத்தில்தான். மொத்தமே சுமார் எட்டு நிமிஷம். என் பேத்தியோடு உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

ஒரு குட்டி வைக்கோலால் அவசரமாக வீடு கட்டிவிட்டுப் புல்லாங்குழல் ஊதுகிறது. இன்னொன்று குச்சி வீடு கட்டிவிட்டு ஃபிடில் வாசிக்கிறது. மூன்றாவதன் கையிலோ கொத்துக் கரண்டியும் செங்கல்லும்!

அப்போது அமெரிக்காவில் கடுமையான பஞ்ச காலம். நாலில் ஒருவருக்கு வேலை கிடையாது. ஓநாயைக் கேலி செய்து குட்டிகள் பாடும் பாட்டு நாடு முழுக்கப் பரவியது. மெட்டுப் போட்டவர் ஃபிராங்க் சர்ச்சில். வாசலில் நின்ற வறுமையே ஜனங்களுக்கு அந்த ஓநாய்!

'முதலில் வேலை, அப்புறம் பாட்டு' என்பதுதான் கதையின் நீதி என்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்த உழைப்பாளிக் குட்டியின் வீட்டுக்குள்ளே ஒரு பியானோ இருக்கிறது, அதுவும் செங்கல்லால் ஆனது! வீடு கட்டும்போதே பாட்டுக்கும் இடம் வைத்துவிட்டதே, கெட்டிக்காரக் குட்டி!

கல்யாணமானதும் வீணையைப் பரண்மேல் ஏற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்! "வேலையெல்லாம் முடியட்டும்" என்று காத்திருந்தால், அம்மாடி, நம் வேலை என்றைக்கு முடியும்? இப்போது எங்கள் வீட்டில் சாயந்திரம் ஐந்திலிருந்து ஐந்தரை வரை அடுப்புக்கு லீவு, வீணைக்கு டியூட்டி. அந்த நேரத்தில் ஓநாயே வந்தாலும் வாசலில் காத்திருக்கட்டும்!