பாய் விரிக்க ஓர் இடம்

மும்பையில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘இடம்’ என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. 1986-ஆம் ஆண்டில் நாங்கள் வாழ்ந்தது பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள ஓர் அறை. சமைத்ததும் உறங்கியதும் பிள்ளைகள் படித்ததும் அங்கேதான். இரவு எட்டரை மணிக்கு அதுவே எங்கள் ஜெபவீடு. நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர், ஊரிலிருந்து வந்திருந்த தாயார் ஆக அறுவர். வாசலுக்கு மேலே, இவ்வீட்டுக்குத் தலைவர் கிறிஸ்துவே என்னும் பொருள்பட எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அதைத் துடைப்பதில் நாங்கள் தவறியதே இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் பிள்ளைகள் அட்டைப் பெட்டிகளைக் கொண்டு கிறிஸ்துமஸ் குடில் ஒன்று கட்டினார்கள். வைக்கோல், மரத்தூள், மண் பொம்மைகள், உள்ளே ஒரு சிறு மின்விளக்கு எனச் சுவரோரம் ஒரு பாய் அளவு இடத்தை அது எடுத்துக்கொண்டது. அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம், மகிழ்ச்சியோடுதான் நடந்தோம்.

ஓரிரவு குடும்ப ஜெபத்தில் பாடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பாட்டு முடியும்வரை நாங்கள் எழவில்லை. வெளியே, திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர், இரண்டு இரவு ரயிலில் வந்த களைப்போடு, தகரப் பெட்டியுடன் நின்றார். “அண்ணாச்சி, வேலை கெடைக்கிற வரைக்கும் ஒரு நாலு நாளு தலைசாய்க்க எடம் இருந்தாப் போதும்” என்றார். உள்ளே அழைத்துத் தேநீரும் உணவும் கொடுத்தோம். கையில் பத்து ரூபாயும் கொடுத்தோம். பிறகு, “பாக்கிறீங்களேப்பா, எங்களுக்கே எடம் இல்லை” என்றோம். அவரும் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆமா மதினி, எனக்கே தெரியுதே” என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அவர் படியிறங்கிய பிறகு எங்கள் இரண்டாவது மகள், “குடிலைப் பரண்ல தூக்கி வச்சிருக்கலாமே” என்றாள். தூங்கச் சொல்லி அதட்டினோம்.

சில ஆண்டுகள் கழித்து, வேதபாடக் கூட்டமொன்றில் எங்கள் குருவானவர் லூக்கா சுவிசேஷத்தை விளக்கினார். இரண்டாம் அதிகாரத்தில் நமது வேதாகமம் ‘சத்திரம்’ என்று கூறுமிடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘கட்டலூமா’. ஆண்டவர் சீடரோடு பஸ்கா உண்பதற்குக் கேட்டனுப்பிய அறையை 22-ஆம் அதிகாரம் அதே சொல்லால்தான் குறிக்கிறது. நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சேர்த்த சத்திரத்துக்கோ லூக்கா வழங்கும் சொல் வேறு: ‘பண்டோகெயோன்’. ஆதலால் பெத்லகேமில் நிரம்பியிருந்தது கட்டணச் சத்திரம் அன்று, ஒரு வீட்டின் விருந்தறையே என்று அறிஞர் சிலர் கொள்கின்றனர். அக்காலத்து எளிய வீடுகள் பலவற்றில் குடும்பத்தார் புழங்கிய கூடத்தின் ஓரத்திலேயே இரவில் கால்நடைகளைக் கட்டுவதுண்டு. முன்னணையும் அங்கேயே இருக்கும். விருந்தறை நிரம்பிவிட்டபடியால் அவ்வீட்டார் தாங்கள் படுக்கும் இடத்தையே பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் கருத்து. கதவை அடைத்த சத்திரக்காரன் என்று ஒருவன் சுவிசேஷத்தில் எங்குமே இல்லை. நம் கிறிஸ்துமஸ் நாடகங்கள் படைத்தவன் அவன். எங்கள் மூத்த மகன் இரண்டு ஆண்டுகள் அந்த வேடம் கட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான்.

இவ்விளக்கத்தை ஏற்காதவரும் உண்டு. எங்களுக்கோ அது ஒரு சாக்கைப் பறித்துக்கொண்டது. பெரிய வீடு அமைந்தால் விருந்தோம்பலாம், ஓய்வு கிடைத்தால் ஜெபிக்கலாம் என்று மிச்சமாகும் இடத்தையும் நேரத்தையுமே ஆண்டவருக்கென எண்ணியிருந்தோம். எங்களுக்கு எதுவும் மிச்சமானதே இல்லை.

அந்த இளைஞரை அடுத்த ஆண்டு ஈஸ்டர் ஆராதனையில் கண்டோம். ஓர் உணவுச்சாலையில் வேலை கிடைத்திருந்தது. முதல் நான்கு இரவுகள் தாதர் நிலைய நடைமேடையில் படுத்ததாகச் சிரித்துக்கொண்டே கூறினார். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அடுத்த ஞாயிறு உணவுக்கு அழைத்தோம்; வாழைப்பழச் சீப்புடன் வந்தார்.

அதன்பின் அந்த அறையில் பலர் தங்கிச் சென்றனர். எல்லாரும் தேவதூதர் அல்லர். ஒருவர் குறட்டையால் அண்டை வீட்டாரையும் எழுப்பினார். ஒருவர் எங்கள் குடையோடு சொல்லாமலே போய்விட்டார். சலித்துக்கொண்டோம், சில இரவுகள் அதன்பொருட்டுச் சண்டையும் இட்டோம். ஜெபத்தில் அமரும்முன் சமாதானமாக வேண்டியிருந்தது.

இப்போது கல்யாணில் எங்களுக்கு மூன்று அறைகள் உண்டு. அடுத்த வாரம் ஊரிலிருந்து செவிலியர் வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். விடுதி கிடைக்கும்வரை எங்களோடு இருப்பாள். அந்த அறையில்தான் தன் கணினி இருக்கிறது என்று பேரன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். இன்றிரவு அவனோடு பேசவேண்டும்.