முப்பத்துமூன்று வயதுக் கப்பல்

மலர்க் குழுவினர் வந்து, “இலக்கணக் கட்டுரை வேண்டாம், பிரயாணக் கட்டுரை ஒன்று தாருங்கள்” என்று கேட்டனர். என் இலக்கணத்துக்கு அஞ்சிக் கேட்டனரோ, என் கப்பற் பிரயாணத்தைப் பற்றி யாரேனுஞ் சொல்லக் கேள்வியுற்றனரோ, அறியேன். எவ்வாறாயினும் சொல்லுதற்குரிய செய்தி ஒன்று என்னிடம் உண்டு. அது ஒரு பழைய கப்பலையும் என் தந்தையாரையும் பற்றியது.

பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவனின் வேதனத்தில் உல்லாசக் கப்பல் ஏறுதல் இயலாது என்பதை ஆசிரிய நண்பர்கள் நன்கறிவர். கனடாவில் வாழும் என் தமக்கையார் தம் மகளின் திருமணத்தை 2023ஆம் ஆண்டிற் சென்னையில் நடத்தினார். அதற்கெனச் சென்றிருந்த எழுபத்தொன்பது வயதுத் தந்தையாரையும், அவருக்குத் துணையாக என்னையும் கப்பலேற்றுவதென அக்காவும் அத்தானும் தீர்மானித்துவிட்டனர். சென்னையிற் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளைத் தொட்டுச் சென்னைக்கே மீளும் ஐந்து இரவுப் பிரயாணம் அது. அச்சேவை அவ்வாண்டு யூன் மாதத்திலேதான் தொடங்கியிருந்தது. காங்கேசன்துறைக்கு வந்தும் வீட்டுக்குப் போகாமல் மறுபடி சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானமேறிப் பலாலியில் இறங்குவது சுற்றிவளைத்து மூக்கைத் தொடுவதன்றி வேறென்ன என்று யான் வாதாடினேன். ஐயா மறுமொழி சொல்லவில்லை. “காங்கேசன்துறைக்குக் கடலாலை போகுதோ?” என்று மாத்திரம் ஒருமுறை கேட்டார். அதன்பின் என் வாதம் எடுபடவில்லை.

கப்பலின் பெயர் எம்பிரஸ். நீளம் 211 மீற்றர். மொத்தத் தொன்னளவு 48,563. உள்ளே ஏறக்குறைய 800 அறைகள். நம் கல்லூரி மைதானத்தில் அதனைக் கொண்டுவந்து கிடத்தினால் மூக்கும் வாலும் மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆயினும் இரண்டு இலட்சந் தொன்னையுந் தாண்டிய இக்காலக் கப்பல்களோடு ஒப்பிடின் இது சிறியது. அவற்றுக்கு மூத்ததும் ஆகும். பிரான்சு தேசத்துச் சென் நசேர் என்னுங் கப்பல் கட்டுந் துறையிற் பிறந்தபொழுது இதற்கு நோர்டிக் எம்பிரஸ் என்று பெயர். 2004இல் எம்பிரஸ் ஒவ் த சீஸ் ஆயிற்று. 2008இல் ஸ்பானியக் கம்பனி ஒன்றன் கைக்குப் போய் வெறும் எம்பிரஸ் ஆனது. 2016இல் முந்திய உடைமையாளரிடம் மீண்டு முந்திய பெயரையும் மீளப் பூண்டது. பெருந்தொற்றினால் உலகத்துப் பிரயாணிகள் கப்பல்கள் யாவும் நங்கூரமிட்டுக் கிடந்த 2020இல் விலைப்பட்டு, மறு ஆண்டு செப்டெம்பரில் மும்பாயிலிருந்து இந்தியக் கடல்களில் ஓடத் தொடங்கியது. அதே துறையில் அதே கம்பனிக்காகக் கட்டப்பட்ட வேறு இரு கப்பல்கள், 1988இல் வந்தது ஒன்று, 1991இல் வந்தது ஒன்று, அந்த 2020இலேயே துருக்கி நாட்டுக் கரையில் உடைப்பதற்கென ஏற்றப்பட்டன. உடன்பிறந்தாரை இழந்தும் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டியின் முதுகில் நாம் ஏறியிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

இவ்வரலாற்றை என் மருமகன் தன் கைத்தொலைபேசியில் தேடி எடுத்து வாசித்துக் காட்டினான். கப்பல் முதன்முதற் பிரயாணிகளை ஏற்றிய மாதம் எது என்று கேட்டேன். “1990 யூன்” என்றான். அவன் கனடாவிற் பிறந்தவன். அதற்குமேல் அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஐயா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலிகாமம் வடக்கு மக்களுக்கு அந்த மாதத்தை நான் விளக்க வேண்டுவதில்லை. இளைய மாணவர்களுக்காகச் சொல்லுகின்றேன். 1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்டது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி முதலிய ஊர்களிலிருந்து மக்கள் கையிற் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். 1950 முதல் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. புகைவண்டி நின்றது, அது மீண்டும் காங்கேசன்துறைக்கு வர 2015 சனவரி ஆயிற்று. தொழிற்சாலையிற் பொருத்துநராக வேலைபார்த்த ஐயா, அன்று நாற்பத்தாறு வயதினர், ஒரு சைக்கிளில் என்னையும் ஒரு சாக்கையும் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். எனக்குப் பதினொரு வயது. எங்கள் காணி நான்கு பரப்பு. துறைக்குக் கிழக்கே, வடக்கெல்லை கடலாக அமைந்தது. ஊரிற் பல இடங்கள் பின்னர் விடுவிக்கப்பட்டன. எங்கள் காணி அவற்றுள் அடங்கவில்லை. தெருவழியாற் போனால் வேலியோடு நின்று திரும்ப வேண்டும். வேலிக்கும் கடலுக்கும் இடையில் என்ன இருக்கின்றது என்பது தெரியாது.

இனிக் கப்பலுக்குள் வருவோம். புதிய கப்பல்களில் பெரும்பாலான அறைகளுக்குக் கடலை நோக்கிய தனி முகப்பு உண்டாம். அவரவர் தத்தம் முகப்பிலிருந்து தத்தங் கடலைப் பார்த்துக்கொள்வர். பழைய கப்பலில் அத்தகைய அறைகள் சிலவே. எங்கள் அறைக்கு ஒரு சன்னல் இருந்தது, அது திறப்பதற்கன்று. ஆதலாற் காற்று வேண்டியோர் யாவரும் மேற்றட்டுக்கு வந்தேயாக வேண்டும். வந்தவர்கள் கதிரைகளை இழுத்துப்போட்டு அமர்ந்தனர். அமர்ந்தவர்கள் பேசினர். முதல் நாள் மாலைக்குள் ஐயாவுக்குக் கும்பகோணத்துத் தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வுபெற்றவர், சிநேகிதராகிவிட்டார். அவர் கழுத்தில் ஒரு தொலைநோக்கி தொங்கியது. பறவை பார்ப்பதற்கென்று கொண்டுவந்ததாம்.

கப்பலில் நடந்த ஆடல் பாடல்களையும் பிற கேளிக்கைகளையும் விரித்தெழுதினால் அதிபர் அவர்கள் இம்மலரை மாணவர் கையிற் கொடுக்கத் தயங்குவார். ஆகவே அவற்றை விடுகின்றேன். உணவு மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். அது கப்பலின் பின்புறத்தில் இரண்டு தட்டு உயரத்துக்கு அமைந்தது. கப்பல் கடந்துவந்த நீர்ப்பாதை அதன் கண்ணாடிகளுக்கு வெளியே வெள்ளைத் தெருப்போல நீண்டு கிடக்கும். எந்திரத்தின் அதிர்வு அங்கே மேசையிலுள்ள கரண்டிக்குந் தெரியும். ஐயா முதல் நாள் தம் உள்ளங்கையை மேசைமேல் வைத்துச் சிறிது நேரம் இருந்தார். “நல்லாய்ப் பராமரிச்சிருக்கிறாங்கள்” என்றார். வாழ்நாளெல்லாம் எந்திரங்களோடு பழகியவரின் நற்சான்று அது.

கும்பகோணத்தாருக்கு ஐயா தம்முடைய முந்திய கப்பற் பிரயாணத்தை எடுத்துரைத்தார். யானும் அப்பொழுதுதான் முழுமையாகக் கேட்டேன். 1972இல் அவர் சிதம்பர தரிசனத்துக்குச் சென்றபொழுது தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு இராமானுஜம் என்னுங் கப்பல் ஓடியது. அதற்கு முன்னர் தனுஷ்கோடிக்கு ஓடியதையும், 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனதையும் இரு முதியவர்களும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டனர். இராமானுஜத்தில் ஆடலும் இல்லை, பாடலும் இல்லை. போகும்பொழுது பெட்டியிற் சந்தனச் சவர்க்காரம். வரும்பொழுது அதே பெட்டியிற் சேலை. சுங்கத்தார் பெட்டியைத் திறக்கச் சொன்னால் முகத்தை எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஐயா நடித்தே காட்டினார். அவரை அவ்வாறு நான் கண்டதில்லை. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது.

சோளகம் வீசுங் காலமாகையால் தென்கரையை அணுக அணுகக் கப்பல் மெல்ல உருளத் தொடங்கியது. மீனின் செட்டைபோல இருபுறமும் நீரினுள் நீட்டிய தகடுகள் உருளுதலை அடக்கும் என்று சிப்பந்தி ஒருவர் விளக்கினார். என் வயிற்றுக்கு அவ்விளக்கம் போதவில்லை. ஐயா இரண்டு தோசை உண்டார். அம்பாந்தோட்டையை நான் படுக்கையிலிருந்தே கடந்தேன்.

திருகோணமலை எல்லாவற்றையும் மறக்கச் செய்தது. கோணமலையைக் கரையிலிருந்து பார்த்தவன் பாதிதான் பார்த்தவன். கடலிலிருந்து பார்க்கும்பொழுதே அந்தப் பாறை எத்துணைச் செங்குத்தாக நீரிலிருந்து எழுகின்றது என்பதும், அதன் உச்சியில் ஆலயம் எத்துணைச் சிறியதாகவும் எத்துணை உறுதியாகவும் நிற்கின்றது என்பதும் புலனாகும். சம்பந்தப்பெருமான் இத்தலத்துப் பதிகத்தில் மலையையுங் கடலையும் பிரிக்காமற் பாடியதன் பொருத்தத்தை இருபதாண்டுகள் வகுப்பிற் சொல்லிவந்திருக்கின்றேன். அன்றுதான் கண்ணாற் கண்டேன். மேற்றட்டில் நின்ற பலர், எந்நாட்டவரோ அறியோம், கைகூப்பினர்.

அன்றிரவு ஐயா படுக்கவில்லை. கப்பல் வடக்கே சென்று பருத்தித்துறை முனையைச் சுற்றி மேற்கே திரும்பியது விடியற்புறத்தில். முனையின் வெளிச்சவீடு பின்னே போயிற்று. வல்வெட்டித்துறைக்கு நேரே வந்தபொழுது அவர் கும்பகோணத்தாரிடம் அன்னபூரணியின் கதையைத் தொடங்கினார். நம்மூர்த் தச்சர் கட்டிய மரக்கப்பல் அது. காற்றையே எந்திரமாகக் கொண்டு 1938இல் வட அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. கதை பாதியில் நின்றது. ஞாயிறு பின்னாலிருந்து எழ, கரை முழுவதும் வெளிச்சம் விழுந்துவிட்டது. ஐயா கேட்காமலே கும்பகோணத்தார் தொலைநோக்கியைக் கழற்றிக் கொடுத்தார்.

கடற்றொழிலாளர் நடுக்கடலில் இடங்காணுதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றனர். கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு அடையாளங்கள் ஒருகோட்டில் வந்து நிற்கும் நிலையை மனத்திற் குறித்துக்கொள்வர். ஐயா சிறுபிராயத்தில் அயலவரின் வள்ளத்திற் போய் அதனைக் கற்றிருக்கின்றார். காங்கேசன்துறை வெளிச்சவீட்டையும் தொழிற்சாலையில் எஞ்சி நின்ற கட்டடங்களையும் முதலிற் பிடித்தார். பின்னர் தொலைநோக்கியை மெல்ல மெல்லக் கிழக்கே நகர்த்தினார். கப்பல் துறைக்கு வந்து நின்றதும் பிரயாணிகளை இறங்குமாறு அறிவித்தனர். அக்கா குடும்பத்தார் புறப்பட்டனர். யான் ஐயாவின் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வந்து அழைத்தேன்.

“நீ போ, தம்பி. இறங்கினால் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போயிடுவினம். இஞ்சை நிண்டால்தான் வளவு தெரியும்.”

அவரைத் தனியே விட மனமில்லை. கும்பகோணத்தார் தாமும் இறங்கவில்லை என்றார். அவருக்கு முழங்கால் நோவாம். ஐயாவுக்காகவே அதனைச் சொன்னார் என்பது என் துணிபு.

ஆகவே சொந்த மாவட்டத்தில் யான் மாத்திரம் சுற்றுலாப் பயணியாக இறங்கினேன். பஸ்ஸின் வழிகாட்டி என்னைக் கண்டதும் ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு, “சேர், நீங்களோ!” என்றான். நம் கல்லூரி மாணவன். என்னிடம் மூன்றாண்டு தமிழ் படித்தவன். என் வீட்டுக்கு மிகவும் அண்மையாற் போகும் தெருவில், வலப்புறத்தே தெரிவது பனை என்று எனக்குங் கேட்கும்படி விளக்கிக்கொண்டு வந்தான். நல்லூரை முடித்துப் பொது நூலகத்துக்கு வந்தபொழுது, 1981இல் 97,000 நூல்களுடன் அந்நூலகத்துக்கு நேர்ந்ததைச் சொன்னான். பயணிகள் சிலர் கையில் வைத்திருந்த குறிப்பில் நூலகம் ‘எரிந்தது’ என்றிருந்தது. அவன் ‘எரிக்கப்பட்டது’ என்றான். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தான். செயப்பாட்டுவினைக்கு நான் செலவிட்ட பாடவேளைகள் வீண்போகவில்லை.

பிற்பகலிற் கப்பலுக்குத் திரும்பினேன். ஐயா அதே கதிரையில் இருந்தார். ஆனால் அவர் மடியில் இப்பொழுது என் குறிப்புப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு படம். வெளிச்சவீடு, தொழிற்சாலை, கடற்கரை வளைவு ஆகியன பொருத்துநர் ஒருவருக்கேயுரிய நேர்கோடுகளில் அமைந்திருந்தன. வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெறுங் கட்டம். அதற்குள் ஒரு மரம்.

“வீடு இல்லை. எனக்கு அது முந்தியே தெரியும். கிணத்தடிப் புளி நிக்குது. கொம்மா நட்டது.”

அம்மா 2009இல் காலமானார். கும்பகோணத்தார் எழுந்து சற்றுத் தள்ளிப்போய்க் கடற்புறாக்களைப் பார்க்கலானார். சங்கு ஊதியது. கப்பல் நகரத் தொடங்கியபின்னும் ஐயா கரைப்பக்கத்திலிருந்து கதிரையைத் திருப்பவில்லை. வெளிச்சவீடு சிறுத்து ஒரு சுண்ணாம்புக் கோடாகும்வரை இருந்து, பின்னர் பசிக்கின்றது என்றார்.

2024இல் காணி விவரங்களைக் கோரும் படிவம் ஒன்று மறுபடியும் வந்தது. அத்தகைய படிவங்களை நிரப்பி நிரப்பி எனக்குக் கைவந்துவிட்டது. வழக்கமாக ஐயா சொல்லுவார், யான் எழுதுவேன்: வடக்கு கடல், கிழக்கு ஒழுங்கை, தெற்கு தெரு, மேற்கு பெரியப்பாவின் வளவு. நிலையான அடையாளங்கள் உளவாயிற் குறிப்பிடுக என்ற இடத்தை இதுகாறும் வெறுமையாகவே விட்டுவந்தோம். இம்முறை அவர் பேனாவைத் தாமே வாங்கிக்கொண்டார். நடுங்குங் கையெழுத்தில், ஒரு புளியமரம், 2023இற் கப்பலிலிருந்து பார்க்கப்பட்டது என்று எழுதினார்.