அப்பளம் ஸ்டாண்ட்பை

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணை. ஆவணி மாத வெயிலில் ஒருவர் கரும்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். சாய்த்து வைத்திருந்த கழிகள் எல்லாம் ஜூஸ் கடைக்குப் போகிற வெள்ளைக் கரும்பு. தோகையை உரிக்க வேண்டாம் என்று சொல்லி வாங்கியது. மெரூனும் கறுப்பும் கலந்த வண்ணத்தில் துணியைத் தோய்த்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. காய்ந்ததும் கணுவுக்குக் கணு முகப்பவுடரை விரலால் ஒற்றினார். பன்னீர்க் கரும்பில் கணுவை ஒட்டிச் சாம்பல் பூத்தது போல ஒரு வெண்மை இருக்குமே, அது வந்துவிட்டது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன். எச்சில் ஊறியது.

"கடிச்சுடாதீங்க சார், டிஸ்டெம்பர்" என்றார்.

படம் பொங்கலுக்கு வந்தாக வேண்டும். கதையும் பொங்கலன்றுதான் நடக்கிறது. எனவே ஆவணியிலேயே தை பிறக்க வேண்டியிருந்தது. மேலூர்ப் பக்கம் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சித்திரையில் நட்ட கரும்பு இன்னும் நான்கு கணுகூட விடவில்லை. மஞ்சள் கொத்திலும் இலைதான் இருந்தது, கிழங்கு திரளவில்லை. இஞ்சியில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, வேரோடு நூலால் கட்டி, மண்ணை அப்பி வைத்திருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்த பிறகும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சாயம் பூசியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் சென்னை அண்ணா சாலையில் நடிகர்களின் கட்-அவுட் வரைந்த கை. ஃபிளெக்ஸ் வந்து சாரத்திலிருந்து இறக்கிவிட்ட பிறகு கலை இயக்குநர்களிடம் வேலைக்கு வந்துவிட்டார். "அப்ப கண்ணு மட்டுமே ஆறடி வரும் சார். இப்ப கணு" என்று சிரித்தார். நான் இயக்குநரைப் பேட்டி எடுக்க வந்தவன். மூன்று நாளும் அவர் கிடைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

காரைக்குடி வட்டாரத்துக்குப் படப்பிடிப்பு புதிதில்லை. ஏ.வி.மெய்யப்பன் இங்கே கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வந்தது. இப்போது இந்த வீடுகளே ஸ்டூடியோ. நான் பார்க்கப் போனது, பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகளும் தங்கையும் அம்மாவின் பிடிவாதத்தால் ஒரு பொங்கலுக்கு வந்து சேர்கிற கதை. பாதி சிரிப்பு, பாதி அழுகை. அதற்கு இதைவிடத் தோதான வீடு அமையாது. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் பங்கு. கல்யாணமானதும் மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். கூரை ஒன்று, வாசல் ஒன்று, அடுப்பு மட்டும் தனி. பிரிந்திருப்பதற்கும் சேர்ந்திருப்பதற்கும் சேர்த்தே கட்டிய வீடு.

நிஜத்திலும் ஓர் அறை பூட்டியே கிடந்தது. படப்பிடிப்புக்கு எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தாலும், ஒருவர் மட்டும் தன் பங்குச் சாவியைத் தரவில்லை. "அவுகளுக்கும் இவுகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லீங்க" என்றார் காவலுக்கு இருக்கும் பெரியவர். கேமரா எங்கே திரும்பினாலும் அந்தக் கதவு விழுந்தது. கடைசியில் அதையே கதையில் வரும் மூத்த மகனின் அறையாக்கிவிட்டார்கள். இருந்த பூட்டு சின்னது, பளபளப்பு வேறு. செங்கல் தூளும் பசையும் பூசித் துருவேற்றிய பெரிய பூட்டு ஒன்றை அதே வளையத்தில் மாட்டினார் நம் சாயக்காரர். பூட்டுக்கு மேல் பூட்டா என்று பெரியவருக்கு முகம் சுருங்கியது.

மூன்றாம் நாள் பந்திக் காட்சி. பட்டாலை என்கிற கூடத்தில் பதினோரு இலை. விளக்கு வெக்கையில் வாழையிலை கால்மணி நேரத்தில் துவண்டுவிடும். ஈரத் துணியோடு ஒரு பையன் குனிந்தே திரிந்தான். ஒவ்வொரு 'கட்'டுக்கும் உதவி இயக்குநராக இருந்த ஒரு பெண் ஓடிவந்து இலை இலையாகப் படம் பிடித்தாள். மூத்தவர் சோற்றில் மூன்றில் ஒரு பங்கு சாப்பிட்டாயிற்று. மண்டிக் குழம்பில் கிடந்த கறிவேப்பிலை இரண்டை இலையோரம் ஒதுக்கியிருக்கிறார். அடுத்த டேக்கில் புது இலை, புதுச் சோறு. அதே அளவு குறைத்து, அதே இடத்தில் கறிவேப்பிலை. "மூணாவது டேக்குல கறிவேப்பிலை இடம் மாறிடுச்சுண்ணே, அவர் எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி ஆயிடும்" என்று பரிமாறுபவரிடம் கெஞ்சினாள். நடிகர்கள் மென்றதைத் துப்ப ஒரு வாளி, கேமரா பக்கத்திலேயே. பின்னே, பதினாறு முறை யார் விழுங்குவார்கள்?

ஜோடி ஃபாஸ்டர் இயக்கி 1995-ல் வந்த 'ஹோம் ஃபார் த ஹாலிடேஸ்' படத்திலும் இப்படி ஒரு குடும்ப விருந்துதான். அந்தக் காட்சிக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனதாகவும், 64 வான்கோழிகள் தேவைப்பட்டதாகவும் படித்திருக்கிறேன். இங்கே வான்கோழியின் இடத்தில் அப்பளம்.

எழுதிவைத்த காட்சியில் அப்பளமே இல்லை. மூத்தவர் உப்புக் கேட்பார். உப்பு தம்பி பக்கத்தில் இருக்கும். யாரும் அசைய மாட்டார்கள். அவ்வளவுதான். ஒத்திகையில் அந்த மௌனத்தின் நடுவே, மாமா வேடக்காரர் தெரியாமல் ஓர் அப்பளத்தை நொறுக்கினார். லைட்மேன்கூட மேலே இருந்து சிரித்துவிட்டார். இருக்கட்டும் என்றார் இயக்குநர். நேரடி ஒலிப்பதிவு வேறு. அழுகைக்குக் கிளிசரின் இருக்கிறது. இந்தச் சிரிப்புக்கு அப்பளம் நமுக்காமல் வந்து சேர வேண்டும்.

அடுப்புச் சத்தம் மைக்கில் விழக்கூடாதென்று பொரிக்கிறவரைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து பட்டாலைக்கு மூன்று கட்டு தாண்ட வேண்டும். மூடிக் கொண்டுவந்தால் ஆவி பட்டு நமுக்கும். திறந்து கொண்டுவரலாமென்றால் மத்தியானத்திலிருந்து தூறல். பிஸ்கட் டின்னுக்குள் செய்தித்தாள் விரித்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி பிடித்துக்கொண்டு ஓடிவந்தான் ஈரத் துணிப் பையன். வாக்கி-டாக்கியில் "லைட் ரெடி, சவுண்ட் ரெடி, அப்பளம் ஸ்டாண்ட்பை" என்று கேட்டபோது எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்தது. மற்றவர்களுக்கு அது வேலை.

ஒன்பதாவது டேக்கில் மாமா உடைத்தார். சத்தமே இல்லை, வளைந்துகொண்டது. பதினொன்றாவதில் அப்பளம் நன்றாக நொறுங்கியது, தம்பி வேடக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கில் எல்லாம் கூடிவரும்போது தெருவில் ஐஸ்காரர் மணி.

மூன்று மணிக்குத்தான் யூனிட்டுக்குச் சாப்பாடு. வீணான அப்பளங்களையும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள், யாரும் தொடவில்லை. சாயக்காரர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் நகக்கண்ணில் மெரூன் போகவில்லை. ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொரித்தவரிடம், வீட்டில் பொங்கலுக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"எந்தப் பொங்கலுக்கு?" என்றார்.

பதில் சொல்வதற்குள் வாக்கி-டாக்கி கரகரத்தது. குளோசப் பாக்கியாம். அவர் இலையை மடக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.