துணிக்கு அந்தப்பக்கம்

சென்ற மாசியில் ஓர் இரவு, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வீட்டுத் தோட்டத்தில் பேய்ப்படம் காட்டினேன். புரொஜக்டர் அக்கா மகனிடம் இரவல் வாங்கியது. முருங்கை மரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவே அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் இழுத்துக் கட்டினேன். பையன்கள் பத்துப் பேர், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர்கள். படம் முர்னோவின் 'நோஸ்ஃபெராட்டு'. 1922இல் வந்த மௌனப் படம்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை (1897) அனுமதி பெறாமல் எடுத்தது இது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். 1925இல் பிரதிகளை அழித்துவிட வேண்டுமென்று ஜெர்மனியில் தீர்ப்பாயிற்று. சில பிரதிகள் தப்பின. வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி அழிந்துபோகும் என்பது இந்தப் படம் கொண்டுவந்த சங்கதி; ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுகிறவன். ஆனால் இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலில் எடுத்துப் பிரதியில் நீலச் சாயம் ஏற்றித்தான் இரவாக்கினார்கள். எனக்குக் கிடைத்த பிரதியில் சாயம் இல்லை. நல்ல வெளிச்சத்தில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறது பேய். பையன்கள் சிரித்தார்கள். 'கால் இருக்குது, இது பேயே இல்ல' என்று ஒருவன் தீர்ப்புச் சொன்னான்.

பயத்தைக் கூடி அனுபவிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. மேல்மலையனூரில் மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். தானியமும் காய்கறியும் வாரி இறைக்கப்படுகின்றன. அங்கே பார்வையாளன் என்று தனியாக ஒருவன் இல்லை. கூத்திலும், இரணியன் வேஷக்காரனுக்கு ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். திரை அப்படியில்லை. பயத்தை அந்தப்பக்கம் வைத்துவிட்டு நம்மை இந்தப்பக்கம் சௌகரியமாக உட்காரவைக்கிறது. பேய்ப்படத்தின் இன்பம் இந்த உத்தரவாதத்தில்தான் இருக்கிறது என்று எழுத நினைத்திருந்தேன்.

பாதியில் டீ கொடுக்கப் படத்தை நிறுத்தியபோதுதான் பார்த்தேன். துணிக்கு அந்தப்பக்கம், கம்பி வேலிக்கு வெளியே, ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். காலனியைச் சேர்ந்தவர். எங்கள் நிலத்தில் எத்தனையோ வருஷம் நடவு நட்டவர். நைந்த வேட்டி, படம் ஊடுருவி அந்தப்பக்கமும் இடவலம் மாறி விழுந்திருக்கிறது.

'உள்ள வந்து உட்காரும்மா' என்றேன்.

'இங்கியே நல்லாத் தெரியுது தம்பி.'

என் அப்பாவை அவர் 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார். நான் தம்பியாகியிருக்கிறேன். வேலி அதே இடத்தில் இருக்கிறது.

1986இல் இதே தோட்டத்தில் அப்பா டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்துவந்து ஒரே ராத்திரியில் மூன்று படம் போட்டார். ஒன்று, முந்தின வருஷம் வந்த 'யார்'. காலனிக்காரர்கள் வேலிக்கு வெளியே விடியவிடிய நின்று பார்த்தார்கள். உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எனக்குப் பதினாறு வயது. மனித துக்கத்தைப் பற்றிக் கவிதை எழுத ஆரம்பித்திருந்த சமயம்.

டீயைக் கொடுத்துவிட்டு, பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

'என்னா தம்பி, பேய் பகல்லியே நடக்குது' என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தில். 1978 ஜூலையில் அந்த ஊரில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாராம். 'ரெண்டு மாசம் ராத்திரில விளக்கு ஏத்தல. அந்தப் புள்ளைங்க இருட்டுக்குப் பயப்படல தம்பி. வெளிச்சத்தப் பாத்தாத்தான் பயந்துதுங்க.'

அந்த ஜூலையில் எனக்கு எட்டு வயது. நான்கு வயல் தள்ளி அந்தப் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசிய ஞாபகம் எனக்கில்லை. நினைவுக்கு வருவது, பாட்டி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகள். பயம் எங்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கிற பொருளாக இருந்தது. உத்தரவாதம் பற்றிய என் வாக்கியம் துணிக்கு இந்தப்பக்கத்து வாக்கியம் என்று அப்போது உறைத்தது.

மீதிப் படத்தை வேலிக்கு வெளியே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் லென்ஸின் வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்துகிறது. அடிக்கடி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் திருப்பிக்கொள்ளவில்லை. வேட்டிக்குக் கீழே எங்கள் வீட்டாரின் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

மறுநாள் வேலியைப் பிரித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். பிரிக்கவில்லை. ஆடு மாடு புகுந்துவிடும் என்றார்கள். கேட்கிறவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன்.