முப்பது நாள்

ஐக்கிய அமெரிக்காவில் ஏழைப் பெண்ணொருத்தி, பிள்ளை பெற்ற கையோடு நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள விரும்பினால், அவள் விருப்பம் மட்டும் போதாது. மெடிக்கெயிட் என்னும் அரசாங்க மருத்துவ உதவியில் தங்கியிருப்பவள், 30 நாள்களுக்கு முன்பே அதற்குரிய படிவத்தில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். 180 நாள் கடந்தால் அந்த ஒப்பமும் செல்லாது. தனியார் காப்புறுதி உடையவளுக்கு இவ்விதி இல்லை. அந்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு இவ்வுதவியுடனேயே நிகழ்கின்றன.

இவ்விதி கொடுமை செய்வதற்காகப் பிறந்ததன்று. 1973இல் அலபாமாவின் மொன்ட்கொமரி நகரில் 14, 12 வயதுடைய கறுப்பினச் சிறுமியர் இருவரை மலடாக்கினர். எழுத்தறியாத அவர்களின் தாய், கருத்தடை ஊசிக்கென்று நம்பித் தாளிற் புள்ளடியிட்டாள். லொஸ் ஏஞ்சலிசில் மெக்சிக்க வம்சத் தாய்மாரிடம், பிரசவ வேதனையின் நடுவே, விளங்காத ஆங்கிலத்தில் ஒப்பம் வாங்கினர். இத்தகைய அநீதிகளுக்கெதிரான போராட்டத்தின் விளைவே 1978ஆம் ஆண்டு விதி. 1980களில் இதே சத்திரசிகிச்சைக்கு நம் நாட்டு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்ததையும், தோட்டத்துப் பெண்ணின் நாட்கூலிக்கு முன் அத்தொகை எவ்வளவு பெரிதாய்த் தெரிந்திருக்கும் என்பதையும் எண்ணுகிற எவரும், 'படிவத்தைக் கிழித்தெறி' என்று எளிதிற் சொல்லிவிடமாட்டார். நானும் சொல்லேன்.

ஆனால் 2020இல் கொரோனா வந்தது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் காண்பது ஓரளவு தொலைபேசிக்கு மாறிற்று; தாளில் ஒப்பமிட நேரில் வருவது எப்படி? 'அவசரமற்ற' சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பல வைத்தியசாலைகள் இதனையும் அப்பட்டியலிற் சேர்த்தன. மகப்பேற்று வைத்தியர்களின் சங்கமோ இது அவசரமானது என்று தொற்றுக்கு முன்பே கூறியிருந்தது. காரணம் எளிது. பிரசவத்தின் மறுநாள் கருப்பை தொப்புள் மட்டத்தில் நிற்கும். அங்கே சிறு கீறலினூடே கருக்குழாய்களை அடைத்துவிடலாம். நாள் கடந்தால் கருப்பை இறங்கிவிடும். பிறகு வேறொரு நாள், வேறொரு அனுமதி, வேலைக்கு விடுப்பு, கைக்குழந்தையைப் பார்க்க இன்னொருவர். 2010இல் வெளியான டெக்சாஸ் ஆய்வொன்றில், கேட்டும் சிகிச்சை கிடைக்காத தாய்மாரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் மீண்டும் கருவுற்றிருந்தனர்.

நாளை எண்ணுவதா பாதுகாப்பு? அவள் மொழியில், அவள் கேள்விகள் தீருமட்டும், கர்ப்ப காலத்திலேயே ஒருவர் அருகிருந்து விளக்குவதல்லவா பாதுகாப்பு? அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். படிவத்துக்கு மை போதும்.

அங்கே தாதியாயிருக்கும் என் தங்கை அந்த ஆண்டின் ஓர் இரவு தொலைபேசியிற் சொன்னாள்: "நாலாவது பிள்ளை, அண்ணா. ஒப்பமிட்டு இருபத்திரண்டு நாள்தான். சத்திரசிகிச்சைக் கூடம் வெறுமையாய்க் கிடந்தது. மூன்று மாத ஊசியைப் போட்டு அனுப்பினோம். அடுத்த ஊசிக்கு அவள் வரவில்லை."